தலைக்குப் பின்னால் ஒரு லைட்

என் உத்தியோகம் கீறல் பார்ப்பது. மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவு. பளபளவென்று வருகிற உருப்படியைக் கையில் எடுத்து லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேராகப் பிடித்தால் எல்லாம் உத்தமமாகத்தான் இருக்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் உள்ள யோக்கியதை வெளியே வரும். வருஷக்கணக்காக இதையே செய்தவனுக்கு மனுஷன் மூஞ்சியையும் அப்படியே பார்க்கிற கெட்ட பழக்கம் வந்துவிடும். கம்பெனி பஸ்ஸில் முன் சீட்டுக்காரன் காதில் வெயில் பட்டுச் சிவந்து தெரிவதைப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தை விட்டிருக்கிறேன். அந்தக் காதுக்குச் சொந்தக்காரன் என்னைப் பற்றிக் கொஞ்ச நாள் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தான்.

அதனால்தான் கேமரா வாங்கினேன். கூடவே ஒரு எல்.இ.டி. லைட்டும் ஸ்டாண்டும். என் மனைவி அப்போது தலைப்பிரசவத்துக்குத் திருப்போரூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பா தவறி ரொம்ப காலம் ஆகிறது. செங்கல்பட்டு வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். யாரை வைத்துப் பழகுவது என்ற கேள்வியே எழவில்லை. அம்மாவை யாரும் கேட்கவும் இல்லை.

போனில் வீடியோ போட்டு லைட்டிங் சொல்லித்தருகிறவர்களிடம் மூன்று லைட், நான்கு குடை, பேசாமல் உட்காரத் தெரிந்த ஒரு அழகான பெண் எல்லாம் உண்டு. என்னிடம் ஒரு லைட்டும், தெர்மாகோல் அட்டையும், பூண்டு உரித்துக்கொண்டிருக்கிற அம்மாவும். முதல் நாள் லைட்டை மோவாய்க்குக் கீழே வைத்து எடுத்தேன். கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டம்மா கேட்காமலே திரும்பிப் போனார். அடுத்து, மாவு சலிக்கிற சல்லடையை லைட்டுக்கு முன்னால் பிடித்தால் முகத்தில் புள்ளி புள்ளியாகக் கோலம் விழும் என்றார்கள். விழுந்தது. "அம்ம போட்ட மாதிரி கீதுடா, மொதல்ல வேப்பெல சொருவு" என்றாள் அம்மா. சிவப்புத் தாள் ஒரு பக்கம், நீலத் தாள் ஒரு பக்கம் கட்டி எடுத்ததைப் பார்த்துவிட்டு, கூழ் ஊற்றுகிற இடத்தில் கட்டுகிற சீரியல் செட் மாதிரி இருக்கிறது என்றாள். வெளிச்சம் சிதறாமல் இருக்க ஓட்டை போட்ட தட்டு மாட்டலாம் என்று கேள்விப்பட்டு மாட்டினேன். மறுநாள் காலையில் அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"டேய், இட்லித் தட்டு எங்கடா?"

"லைட்டுல மாட்டிகீறேன்."

"அப்ப நாஸ்தாவுக்கு அந்த லைட்டயே துன்னுட்டுப் போ."

முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு என்று ஒரு முறை உண்டு. பெரிய பெரிய ஆளெல்லாம் அப்படித்தான் எடுக்கிறார்கள். எடுத்துப் போனில் ஏற்றிக் காட்டினேன். அம்மா போனை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "மீதி எங்க?" என்றாள். நிழலில் இருக்கிறது என்றேன். "வெளிச்சத்துக்கு வாங்குன லைட்ட வெச்சி இருட்டு பண்ணிகினு கீற. இதுக்கு சொம்மா இருந்திருக்கலாமே" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அதே வெளிச்சத்தில்தான், கம்பெனியில் கீறலைப் பார்க்கிற மாதிரி, இன்னொன்றைப் பார்த்தேன். தெருவில் கார் ஏதாவது நின்றால் அம்மாவின் கை அப்படியே நிற்கும். கதவு பக்கம் கண் போகும். கார் கிளம்பினதும் மறுபடி பூண்டு உரியும்.

அதற்குக் காரணம் என் மாமா. அம்மாவுக்கு ஒரே தம்பி. மாமல்லபுரத்தில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கார் ஓட்டுகிறார். பொங்கலுக்குப் பொங்கல் பிறந்த வீட்டுச் சீராகப் புடவை, வாழைத்தார், கரும்பு என்று காரில் ஏற்றிக்கொண்டு வருவார். அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு அம்மா எந்த வேலையும் இல்லாமல் தெருவில் நாலு தரம் போய்வருவாள். எல்லாம் என் கல்யாணத்தோடு நின்றது.

கல்யாணம் திருப்போரூரில். மாப்பிள்ளை நெற்றியில் பட்டம் கட்டுவது எங்களில் தாய்மாமன் உரிமை. அன்றைக்குப் பார்த்து பெரிய முகூர்த்தம், முருகன் கோயிலைச் சுற்றி எந்தத் தெருவிலும் கால் வைக்க இடமில்லை. மாமாவின் வேன், சீர்த் தட்டுகளோடு, எங்கேயோ மாட்டிக்கொண்டது. நேரம் போகிறது நேரம் போகிறது என்று ஐயர் கத்தினார். அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருத்தர் சும்மா நின்றுகொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டுக் கட்டச் சொல்லிவிட்டார்கள். கட்டி முடித்து அவர் கையைத் தட்டிக்கொள்வதற்கும் மாமா படியேறி வருவதற்கும் சரியாக இருந்தது. என் நெற்றியைப் பார்த்தார். தட்டை மண்டபத்துப் படியிலேயே வைத்தார். "எனக்காக செத்த நேரம் நிக்க முடியல இல்ல?" என்று அம்மாவிடம் கேட்டார். "நேரம் போவுதுன்னா நான் இன்னாடா பண்றது?" என்றாள் அம்மா. அவர் சாப்பிடாமல் போய்விட்டார்.

மூன்று பொங்கல் போயிற்று, புடவை வரவில்லை. "வரலன்னா போவட்டும். பொடவைக்கா பஞ்சம் எனக்கு?" என்பாள் அம்மா. பஞ்சமில்லைதான். பீரோ கதவு மூடாத அளவுக்கு இருந்தது.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, என்னோடு வேலை பார்க்கிறவன் ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனேன். நம் கடற்கரையில் ஒரு கோளாறு உண்டு. சூரியன் கடலில் மறையாது. தலைக்குப் பின்னால் சூரியன் வேண்டுமென்றால் எழுந்து தொலைய வேண்டும். நண்பன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையைக் கட்டி நின்றான். முடி ஓரமெல்லாம் தங்கமாக எரிந்தது. முகம் மட்டும் அடுப்புக்கரி. அந்தக் கரிக்கு வெளிச்சம் கொடுக்கத்தான் லைட்டைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். காற்று அதைத் தூக்கி அலையில் போட்டது. ஓடிப் போய் எடுத்துத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், கார் நிற்கிற இடத்தில் மாமா. அவரும் பார்த்துவிட்டார். உடனே துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். நானும் ஏற்கெனவே துடைத்த லைட்டை மறுபடி துடைத்தேன். இரண்டு பேரும் ரொம்ப நேரம் துடைத்தோம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"மாமாவப் பாத்தேன்."

"இன்னா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. கண்ணாடி தொடச்சிகினு இருந்தாரு."

"எளச்சிகீறானா?"

"கிட்டப் போய்ப் பாக்கலம்மா."

"அவ்ளோ பெரிய லைட்ட கைல வெச்சிகினு அதக்கூட பாக்கல" என்றாள் அம்மா. அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை. நானும் கேட்கவில்லை.

கடற்கரையில் பார்த்த அந்த முடியோர வெளிச்சம் என் மண்டையை விட்டுப் போகவே இல்லை. ஒரு சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் சுவரில் கருப்புப் போர்வையை ஆணியடித்துத் தொங்கவிட்டேன். முன்னால் அம்மாவை முக்காலியில் உட்காரவைத்தேன். லைட்டை அவள் தலைக்கு நேர் பின்னால் மறைத்து வைத்து, முன்பக்கம் தெர்மாகோலைச் சாய்த்து அதிலிருந்து எகிறுகிற வெளிச்சம் மட்டும் முகத்தில் விழுகிற மாதிரி செய்தேன். நரைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னி, தலையைச் சுற்றி வட்டமாக நின்றது. "சீக்கிரம்டா, குக்கர் வுசில் வரப்போவுது" என்றாள். வரப்போகிற விசிலைக் கவனித்துக்கொண்டு அவள் நேராகப் பார்த்த அந்தப் பார்வையில் அப்படி ஓர் அமைதி இருந்தது. எடுத்தேன். கருப்பு வெள்ளையாக மாற்றினேன். என் ஜென்மத்தில் அவ்வளவு நல்ல படம் எடுத்ததில்லை. குக்கர் விசில் வந்த பிறகும் அதையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் போனில் ஸ்டேட்டஸாகப் போட்டேன். கீழே 'அம்மா' என்று எழுதினேன். நன்றாக உட்கார்ந்து கொடுத்ததற்கு நன்றியாக ஒரு கும்பிடுகிற கை. லைட்டிங் சமாச்சாரம் என்று தெரிவதற்காக ஒரு அகல் விளக்கு.

இப்போது படிக்கிற உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு அப்போது புரியவில்லை.

போட்ட கொஞ்ச நேரத்தில் ஒரு மெசேஜ் வந்தது. பார்த்தால் மாமாவின் மகன். அந்த வீட்டிலிருந்து மூன்று வருஷமாக ஒரு வார்த்தை வந்ததில்லை. ஆனால் என் ஸ்டேட்டஸை மட்டும் தவறாமல் பார்த்துவிடுவான். 'எப்போ எடுக்கறது மச்சான்?' என்று கேட்டிருந்தான். எனக்கு ஒரே சந்தோஷம். பரவாயில்லையே, ரசனை இருக்கிறதே. பையனுக்குத் தமிழ் டைப் அடிக்க வராது, 'எடுத்தது' என்பதைத்தான் இப்படிப் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். 'நேத்து சாயங்காலமே எடுத்தாச்சு மச்சான். வீட்டோட சிம்பிளா முடிச்சிட்டேன்' என்று பதில் போட்டேன். எங்கள் கம்பெனியில் போனை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் லாக்கரில் வைத்துவிட்டுப் போய் வேலையைப் பார்த்தேன்.

ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது அடுத்த ஷிப்ட்காரன் ஒருத்தன் ஓடி வந்து கையைப் பிடித்தான். "இன்னா மச்சான், இன்னிக்குமா வேலைக்கு வந்த?" என்றான். வராமல் எங்கே போவேன் என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. "பெரிய மனசு உனக்கு" என்று என்னைக் கட்டிக்கொண்டான். லாக்கரைத் திறந்து போனைப் பார்த்தேன். எடுக்காத அழைப்புகள் திரை கொள்ளாமல் இருந்தன. 'ஆழ்ந்த இரங்கல்' என்று என் பள்ளிக்கூட வாத்தியார் உட்பட எல்லாரும் அனுப்பியிருந்தார்கள். அம்மாவின் போனுக்கு யாரும் அடிக்கவில்லை. செத்துப்போனவளுக்குப் போன் போட்டு செத்துட்டியா என்றா கேட்பார்கள்? என் மனைவிக்கும் சொல்லவில்லை, மாசமாக இருக்கிறவள் காதில் எழவுச் சேதி போடக்கூடாது என்று. எல்லாருக்கும் அவ்வளவு பொறுப்பு.

கடைசியாக மாமா மகனின் மெசேஜைப் பார்த்தேன். காலையில் நான் போட்ட பதிலை அவன் சாயங்காலம்தான் பார்த்திருக்கிறான். 'இதுக்கும் நிக்கலயா நீங்க? அப்பா கெளம்பி வந்துகினு கீறாரு.'

அப்போதுதான் 'எடுக்கறது' என்றால் எதை எடுக்கறது என்று உறைத்தது.  எங்கள் வழக்கத்தில் பொம்பளை செத்தால் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை வந்து போர்த்தாமல் பிணத்தை எடுக்கமாட்டார்கள். எத்தனை பகை இருந்தாலும் அதற்கு வந்து நிற்பார்கள், நாமும் அதற்குக் காத்திருப்போம். நான் நேற்று சாயங்காலமே எடுத்துவிட்டேன், அதுவும் சிம்பிளாக.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் நிறைய செருப்பு கிடந்தது. வந்தவர்களுக்கு அம்மாவே டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முதலில் வந்தது என் அத்தையாம், அப்பாவின் தங்கை. தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். எதிரே கொத்தமல்லி வாங்கப் போன அம்மா, "யாருடி போய்ட்டாங்க?" என்று அவளைக் கட்டிப்பிடித்துத் தானும் அழ ஆரம்பித்தாளாம். இரண்டு பேரும் நடுத்தெருவில் கொஞ்ச நேரம் அழுத பிறகுதான் அத்தை நிமிர்ந்து யாரைக் கட்டிக்கொண்டு அழுகிறோம் என்று பார்த்திருக்கிறாள். அப்புறம் அத்தை உட்கார்ந்து ஊருக்கெல்லாம் போன் போட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். மாமா வீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. பேச்சுவார்த்தை இல்லாத வீடு.

"எழவெடுத்தவனே, வாடா" என்று அம்மா என்னை வரவேற்றாள். இன்னும் நிறைய சொன்னாள். நியாயமானவைதான். மூச்சு வாங்க அவள் நிறுத்தினபோது நான் சொன்னேன்.

"அம்மா, மாமா வராரு."

கையில் இருந்த டம்ளர் தட்டை அம்மா கீழே வைத்தாள்.

"தெரிஞ்சி வரானா, தெரியாம வரானா?"

"தெரியாமதான். நேத்தே எடுத்தாச்சுன்னு நெனச்சிகினு வராரு. போன் போட்டு சொல்லிடறேன்."

"போடாத" என்றாள். என் கையிலிருந்து போனைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "சொன்னா திரும்பிடுவான்டா."

அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. உள்ளே போய் முகம் கழுவினாள். கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டாள். அத்தை என்னமோ சொல்ல வாயெடுத்தாள், அம்மா ஒரு பார்வை பார்த்தாள், அத்தை டீயைக் குடித்தாள்.  இந்த வயதில், உயிரோடு இருப்பது தெரிந்தால் தம்பி வராமல் போய்விடுவானே என்று ஒருத்தி பயப்படுகிற மாதிரி ஆகிவிட்டதே என்று எனக்கு அழுகையாக வந்தது.

கார் வந்து நின்றது. மாமா இறங்கினார். இளைத்துத்தான் இருந்தார். கையில் துணிக்கடைப் பை. வாசல் படியில் கால் வைக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"செத்த நேரம் நிக்க முடியலயாடா உங்களுக்கு?" என்றார். "அன்னிக்கும் நிக்கல, இன்னிக்கும் நிக்கல. நான் இன்னா சீமையிலயா கீறேன்? தோ இங்க கீற மகாபலிபுரம். அவ மூஞ்சிய ஒரு தபா பாக்க வுட்டீங்களாடா? சவாரி போன எடத்துலருந்து ஓடியாந்து திருக்கழுக்குன்றத்துல கடையில நின்னு பொடவ எடுக்கறேன், புள்ள போன் பண்றான், எடுத்துட்டாங்களாம்பா, திரும்பி வந்துடுன்னு. நான் வந்தேன். பொதச்ச எடத்துலயாவது போட்டுட்டுப் போறேன், எடத்தக் காட்டு."

 மாமா பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஒரு சண்ட போடக்கூட இனிமே ஆளில்லடா எனக்கு" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். கதவு திறந்தது.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மாமா பார்த்தார். பின்னால் ஓரடி எடுத்து வைத்தவர் காரில் இடித்துக்கொண்டு அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாக்கா இது?" என்றார், காற்றாக.

"ஒண்ணுமில்லடா நைனா" என்றாள் அம்மா. "போட்டோ நல்லா வந்துட்சி, அவ்ளோதான்."

மாமா என்னைப் பார்த்த பார்வையில் நான் செத்திருக்க வேண்டும். எழுந்து காரின் கதவைப் பிடித்தார். போய்விடுவார் என்றே நான் நினைத்தேன். அம்மா படியிறங்கி வந்து அவர் சட்டையைப் பிடித்தாள்.

"செத்தா வருவ, உசுரோட இருந்தா போவியா?" என்றாள்.

 மாமாவின் கை கார்க் கதவை விட்டது.

உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து இலை போட்டாள். எழவுக்கு வந்த அத்தைதான் அவசரமாக ரசமும் அப்பளமும் பண்ணியிருந்தாள். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டு தலை நிமிராமல் இருந்தார். அம்மா அவர் பக்கத்தில் கிடந்த பையை எடுத்துப் பிரித்தாள். அரக்கு நிறம், பச்சை பார்டர்.

"அய்யய்யோ, அத தொடாத அண்ணி, கோடிப் பொடவ!" என்று அத்தை பதறினாள். "யாருக்காச்சும் குடுத்துடு. அபசகுனம்."

"செத்தப்பறம் போத்துனா பார்டரு எப்பிடி கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்றாள் அம்மா. புடவையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.  கட்டிக்கொண்டு வந்து மாமாவுக்கு எதிரே நின்று, முந்தானையை விரித்துக் காட்டினாள். நன்றாக இருந்தது. மாமா ஒரு தரம் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

"டேய்" என்றாள் அம்மா. "நான் நெசமா போற அன்னிக்கு வேற எடுத்தாரணும். இத கணக்குல சேத்துக்காத."

 மாமா தண்ணீர் குடித்தார்.

"சரிக்கா" என்றார். "அன்னிக்காவது நிக்கச் சொல்லு இவன."

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நிக்கறோம் மாமா" என்றேன்.